காயம் எதையும் பார்க்கவில்லை

காக்கி நிறத்தில் எதைக் கண்டாலும் அவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். போலீஸ்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தபால்காரர், பஸ் கண்டக்டர், மின்கம்பத்தில் ஏறுகிற லைன்மேன், யாராக இருந்தாலும் சரி. ஒருமுறை மலையடிவாரத்து டீக்கடைக்குள் காக்கி அரைக்கால் சட்டையோடு ஒரு லாரி கிளீனர் நுழைந்தான். இவர் பாதி டீயோடு எழுந்து நின்றுவிட்டார். எதற்கு எழுந்தார் என்று புரியாமல் அந்தக் கிளீனரும் வாசலிலேயே நின்றான்.

"உக்காருய்யா, அவனே உன்னப் பாத்து பயந்துகினு கீறான்" என்றார் கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் கிளீனர் டீ குடித்துவிட்டு வெளியே போகிறவரைக்கும் உட்காரவில்லை.

திருத்தணி மலைமேல் முடி இறக்கும் கொட்டகையில் கத்தி பிடித்தவர் அவர். நான் தாலுகா ஆபீசில் எழுத்தர். அவர் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். அரசாங்கக் காகிதத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இன்னொரு தடவை எழுத மனம் வரவில்லை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆனாலும் நான் அவரை "நீ", "வா", "போ" என்றுதான் பேசினேன். ஊரே அப்படித்தான் பேசியது. எண்பதைத் தாண்டிய பிறகு "அவர்" என்று எழுதுகிறேன். இதனால் எதுவும் சரியாகிவிடாது என்பதும் எனக்குத் தெரிகிறது.

டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். ஒரு கையால் பிடித்தால் சிந்தும், அவ்வளவு நடுக்கம். இந்தக் கையிடம் எப்படித் தலையைக் கொடுக்கிறார்கள் என்று முதன்முதலில் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கத்தி கைக்கு வந்ததும் அந்த நடுக்கம் எங்கே போகுமோ தெரியாது. ஒரே இழுப்பில் நெற்றியிலிருந்து உச்சிவரை வெள்ளையாக ஒரு பாதை விழும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்ததும் சொம்புத் தண்ணீரை ஊற்றித் தலையை ஊறவைப்பார். பிறகு பத்து விரலையும் முடிக்குள் விட்டு நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும், அப்புறம் ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் மெல்லத் தடவுவார். கண்ணை மூடிக்கொள்வார். தடவி முடித்து, கத்தியைத் தொடுவதற்கு முன்னால், சுற்றியிருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்:

"உச்சில தழும்பு ஒண்ணு, பழசு. பிடரில கட்டி, காஞ்சது. வேற இல்ல."

ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் என்றால் தெலுங்கில் சொல்வார். ஒவ்வொரு தலைக்கும் சொல்வார். கிருத்திகைக் கூட்டத்தில் வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றாலும் சொல்லாமல் கத்தியை வைக்கமாட்டார். பக்கத்தில் கத்தி பிடிப்பவர்கள், "டாக்டரு பரிசோதன பண்றாரு, கொஞ்சம் இருங்க" என்று கேலி பேசுவார்கள்.

எதற்காக இப்படிச் செய்கிறாய் என்று நான் கேட்டிருக்கிறேன். வாலிப வயதில் ஒரு பெரிய மனிதருக்கு முடி இறக்கும்போது, முடிக்குள் இருந்த கொப்புளம் கத்திபட்டு உடைந்துவிட்டது. கொட்டகையில் அத்தனை பேர் பார்க்க அந்தப் பெரிய மனிதர் இவரைச் செருப்பால் அடித்தாராம். கொப்புளம் முன்னாலேயே இருந்தது என்று சொல்ல இவருக்கு வாய் எழவில்லை.

"அதாங்க சாமி. முன்னாலயே சொல்லிட்டா அப்பால நம்ம மேல வராது பாருங்க. எல்லாம் பயந்தான்."

என் மகளுக்கு முதல் முடி இறக்கியது அவர்தான். என் மாமனார் மடியில் குழந்தை கதறிக்கொண்டிருக்க, இவர் கண்ணை மூடி அந்தச் சின்னத் தலையைத் தடவினார். "ரெட்டைச் சுழிம்மா. காயம் இல்ல, கட்டி இல்ல. வலது காதுக்கு மேல கடுகாட்டம் ஒரு மச்சம்" என்றார். பதினொரு மாதம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய என் மனைவிக்கே அந்த மச்சம் தெரியாது. மொட்டை அடித்த பிறகு பார்த்தோம், இருந்தது. என் மனைவி அதற்கப்புறம் எத்தனையோ நாள் அந்த மச்சத்தைத் தொட்டுப் பார்த்து அவரைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அவள் பேசும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஏன் என்று அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது அது. பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளி ஒருவர், இருபத்தைந்து வயதிருக்கும், ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வந்தார். மனைவி பிரசவத்தில் பிழைத்ததற்கு நேர்ந்துகொண்ட மொட்டை. முடி இறக்கி, குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு தரிசன வரிசையில் நின்றிருக்கிறார். அதே வரிசையில் ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலி காணாமல் போயிருக்கிறது. பக்கத்தில் நின்றவர்களில் தனியாக வந்தவர் இவர் ஒருவர்தான். போலீஸ் பிடித்துக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்தது. சங்கிலி கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் விட்டார்கள். வெளியே வந்தபோது மண்டை பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது. இடது காது கேட்கவில்லை. அதற்கப்புறம் கேட்கவேயில்லை.

எந்தக் காவல் நிலையம் என்று எழுதமாட்டேன். இன்று அங்கே வேலை பார்ப்பவர்கள் அன்று பிறந்திருக்கவும் மாட்டார்கள்.

நெசவாளி கலெக்டருக்கு மனுப் போட்டார். சப் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொடுத்த பதில் இதுதான்: மேற்படி நபர் காலையில் மலையேறும்போதே படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்டிருந்தார், அந்தக் காயத்தின் மேல் சந்தனம் பூசியிருந்ததால் பிடித்தபோது தெரியவில்லை.

ஆக, விஷயம் ஒரே இடத்தில் வந்து நின்றது. அந்தக் காலையில், சந்தனம் பூசுவதற்கு முன்னால், அந்தத் தலை எப்படி இருந்தது? முடி இறக்கியபோது கொடுத்த சீட்டு நெசவாளியின் சட்டைப்பையில் இருந்தது. அதில் கத்தி பிடித்தவரின் எண் இருந்தது. அந்த எண் அவருடையது.

கலெக்டர் உத்தரவின்படி வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் எங்கள் ஆபீசில் விசாரணை வைத்தார். வாக்குமூலம் எழுத என்னைப் போட்டார்கள். வேலூரில் பி.ஏ. படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், தெலுங்கும் தெரியும் என்று தாசில்தாரே சிபாரிசு செய்தார். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

விசாரணைக்கு மூன்று நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும், சப் இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்கு வந்தார். சாதாரண உடையில்தான் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, காபியை ரசித்துக் குடித்தார். என் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டுப் பெயர் கேட்டார்.

"நீங்க நல்லாத் தமிழ் எழுதுவீங்கன்னு சொன்னாங்க சார்."

"ஏதோ எழுதுவேன்."

"உங்க தம்பிக்கு சர்க்கார் வேலைக்கு செலக்‌ஷன் வந்திருக்குதாமே. ரொம்ப சந்தோஷம் சார். நடத்தை விசாரிச்சு ரிப்போர்ட் அனுப்பச் சொல்லி எங்களுக்குத்தான் காகிதம் வரும்."

மகளை உள்ளே போகச் சொன்னேன்.

"தம்பி காலேஜ்ல படிக்கச்சொல்ல ஏதோ ஊர்வலத்துல போனாரில்ல?"

"அது சின்ன வயசு சார்."

"அட, அதுக்கு இன்னா இப்ப? யாரு போகல? நானே போயிருக்கேன்" என்று சிரித்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பாத்து எழுதுங்க சார்."

அவ்வளவுதான். மிரட்டவில்லை. விசாரணை என்ற சொல்லையே எடுக்கவில்லை. அவர் குடித்துவிட்டு வைத்த டம்ளரை எடுத்து உள்ளே கொண்டுபோனேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

விசாரணையன்று அவர் காலை ஒன்பது மணிக்கே வந்து ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்றார். துண்டு முன்கூட்டியே இடுப்பில் இருந்தது. உள்ளே கூப்பிட்டதும் வந்து கைகட்டி நின்றார். அதிகாரி நல்ல மனிதர்தான். "உக்காருப்பா" என்றார். இவர் உட்காரவில்லை.

"பயப்படாம சொல்லு."

"பயமாத்தாங்க கீது. பயந்துகினே சொல்லட்டுங்களா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அப்படியே சொல்லு. இந்த ஆளை உனக்குத் தெரியுமா?" என்று நெசவாளியைக் காட்டினார்.

"மூஞ்சி நெனப்பில்லீங்க. அன்னிக்கு நூறு பேருக்கு மேல. தலயத் தொட்டா சொல்லுவேன்."

நெசவாளியைத் தரையில் உட்காரச் சொன்னார்கள். ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டதால் முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. இவர் பின்னால் போய் நின்றார். கை அப்படி நடுங்கியது. தலையில் வைத்ததும் நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

"ஆங்... இதாங்க. நடு உச்சில குழி. பக்கத்துல அம்மை வடு, நாலு. இந்தத் தல தெரியும். சொல்லிட்டுத்தான் கத்தி வச்சேன்." விரல்கள் இடப்பக்கமாக நகர்ந்தன. காதுக்கு மேலே வந்ததும் சுட்டுவிட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார். மறுபடியும் மெதுவாக ஒரே ஒரு விரலை வைத்தார். நெசவாளி முனகினார்.

"இது இல்லீங்க."

"எது இல்ல?"

"இது அன்னிக்கு இல்லீங்க. நான் பாத்தேங்க. காயம் இல்லீங்க." அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எவ்ளோ பெரிசுங்க சாமி இது. இது இருந்தா எப்பிடிங்க கத்தி வப்பேன்?"

அந்த நேரத்தில் பக்கத்து அறையில் டெலிபோன் மணி அடித்தது. கலெக்டர் ஆபீசிலிருந்து என்று பியூன் வந்து சொன்னான். அதிகாரி எழுந்தார். "இதுவரை சொன்னதை எழுதி, படிச்சுக் காட்டி, ரேகை வாங்கி வையுங்க. வந்து கையெழுத்துப் போடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நெசவாளியை வெளியே அனுப்பினார்கள். அறையில் நானும் அவரும் மட்டும்.

ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் சப் இன்ஸ்பெக்டர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்னை முறைத்தார் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் முறைக்கவில்லை. பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

எழுதினேன். பெயர், வயது, விலாசம், தொழில். நெசவாளிக்கு முடி இறக்கியது உண்மை என்று எழுதினேன். பிறகு இப்படி எழுதினேன்: "தலையில் காயம் எதையும் நான் பார்க்கவில்லை."

அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சப் இன்ஸ்பெக்டருக்கு அது தோன்றியிருக்காது. நானே கண்டுபிடித்தேன். காயம் இல்லை என்றால் இல்லை. அதற்கு ஒரே பொருள்தான். பார்க்கவில்லை என்றால், பார்த்தபோது காயம் இல்லை என்றும் கொள்ளலாம். பார்க்கவேயில்லை என்றும் கொள்ளலாம். "நான் பாத்தேங்க" என்று அவர் சொன்னதை விட்டுவிட்டேன். படித்த படிப்பு அன்றைக்கு இதற்குத்தான் பயன்பட்டது. பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் அந்தச் சொல் இடம் கொடுத்தது.

ஆனால் படித்துக் காட்ட வேண்டுமே. காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தேன். அந்த வரி வந்ததும், எழுதியதைப் படிக்கவில்லை. "தலையைப் பார்த்தேன். காயம் இல்லை" என்று படித்தேன்.

"அத இன்னொரு தபா படிங்க சாமி" என்றார்.

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. பயத்தில் எதையும் இரண்டு தடவை கேட்டுக்கொள்வது அவர் வழக்கம். இன்னொரு தபா படித்தேன். அதே பொய்யைப் படித்தேன்.

"ஆங், அதாங்க. அதாங்க சரி."

கடைசியில் எல்லா வாக்குமூலத்திலும் வருகிற வாசகத்தை எழுதினேன்: "படித்துக் காட்டக் கேட்டேன். சரி." அவருடைய இடது கைப் பெருவிரலில் மை தடவி வைத்தேன். ரேகை விழவில்லை. வெறும் கறுப்புப் பொட்டாக விழுந்தது. வருடக் கணக்காகத் தண்ணீரிலும் சாணைக்கல்லிலும் கிடந்து அந்த விரல் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. மூன்று தடவை வைத்துப் பார்த்தோம். மூன்றும் அப்படியே.

"நம்ம கை பத்தி சாமிக்குத் தெரியாதா?" என்று தயங்கிச் சிரித்தார்.

அதிகாரி அவசரமாக வந்து, படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே செங்கல்பட்டுக்குப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து, கோப்பை மட்டும் வைத்து எழுதி வந்த அறிக்கையில், முடி இறக்கிய சாட்சி காயத்தைக் கவனித்ததாகவோ இல்லையென்றோ திட்டமாகக் கூறவில்லை என்று இருந்தது. மனு தள்ளுபடி. என் தம்பியின் நடத்தை திருப்திகரமாக உள்ளது என்ற ரிப்போர்ட்டும் அடுத்த மாதமே போயிற்று. அவன் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

நெசவாளி விடவில்லை. சப் இன்ஸ்பெக்டர்மீதும் சர்க்கார்மீதும் நஷ்டஈடு கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அங்கேயும் முக்கியச் சாட்சி இவர்தான். வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

அந்த இரண்டு வருடத்தில் இவரை அடிக்கடி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நான் ஆபீசுக்குப் போகிற வழியில் பார்ப்பேன். வாசல் பெஞ்சின் நுனியில், துண்டை இடுப்பில் கட்டி, முழங்கால்மேல் கையை வைத்து உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் திரும்பி வரும்போதும் அதே நுனியில் இருப்பார்.

ஒருநாள் சந்தைத் தெருவில் எதிரே வந்தவரை நிறுத்திக் கேட்டேன். "இன்னா கேக்கறாங்க உன்ன?"

"ஒண்ணும் கேக்கல சாமி. உக்காருன்னாங்க. சாயங்காலம் போடான்னாங்க."

"அடிச்சாங்களா?"

"இல்லீங்க. அடிச்சிட்டாங்கன்னா தேவல. எப்ப அடிப்பாங்கன்னு பாத்துகினே உக்காந்துகினு கீறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சாமி, அன்னிக்கு எழுதினது பத்திரமா கீதுங்களா?" என்றார்.

"இருக்குது."

"அது இருந்தா போதும். நான் செத்துட்டாக்கூட அது சொல்லுமில்ல?"

நான் ஆமாம் என்றேனா, தலையை ஆட்டினேனா, நினைவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன். எனக்கு எந்த பஸ்ஸும் பிடிக்க வேண்டியதில்லை.

கோர்ட்டில் அவர் சொன்னதையே சொன்னார். தலையைப் பார்த்தேன், காயம் இல்லை. நெசவாளியின் வக்கீல் உட்கார்ந்ததும் அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். விசாரணைக் கோப்போடு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"அதிகாரி முன்னால குடுத்த வாக்குமூலத்துல, காயம் எதையும் பார்க்கவில்லைன்னு சொல்லியிருக்க. கிருத்திகைக் கூட்டம். நூறு தலைக்கு மேல. ஒவ்வொண்ணையும் உத்துப் பாக்க நேரம் ஏது? பாக்கலைன்னா பாக்கல. அன்னிக்கே அப்படித்தானே சொன்ன?"

"இல்லீங்க. பாத்தேன்னு சொன்னேங்க."

"இதுல இருக்கிறது உன் ரேகைதானே?"

அவர் அந்தக் கறுப்புப் பொட்டைப் பார்த்தார். "என்துதாங்க."

"படித்துக் காட்டக் கேட்டேன், சரின்னு இருக்குதே."

"படிச்சாங்க. பாத்தேன், காயம் இல்லன்னு படிச்சாங்க. ரெண்டு தபா படிச்சாங்க." அவர் கண் கூடத்தைச் சுற்றிவந்து என்மேல் நின்றது. அந்த முகத்தில் அப்போது பயமே இல்லை. கூட்டத்தில் தெரிந்தவரைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. "தோ, அந்த சாமிதாங்க படிச்சாரு. அவரக் கேளுங்க. அவரு சொல்லுவாரு."

முன்சீப் என்னைக் கூண்டில் ஏறச் சொன்னார். சத்தியம் செய்தேன். சப் இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் இருந்தார். இந்தத் தடவை அவர் கையில் பத்திரிகை இல்லை.

"எழுதியிருப்பது ஒன்று, படித்துக் காட்டியது வேறு என்கிறார் சாட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம், தம்பியின் வேலையையும் தோண்டுவார்கள். இதையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் நினைத்தேன் என்று சொல்லமுடியாது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டது மட்டும்தான் ஞாபகம். ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"எழுதியதைத்தான் படித்தேன், ஐயா."

அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நெசவாளி தன் வலது காதை என் பக்கம் திருப்பி, பக்கத்திலிருந்த மனைவியிடம், "இன்னா சொன்னாரு, இன்னா சொன்னாரு?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

வெளியே தாழ்வாரத்தில் அவர் எனக்காகக் காத்திருந்தார். ஓடிவிடலாமா என்று தோன்றியது. திட்டுவார், துப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிட்டே வந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டார்.

"சாமி, அன்னிக்கு நான் சரியா கேக்கலீங்களா?"

கூண்டில் சொன்ன பொய்யை இப்போது சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஒரு சொல் போதும். வழக்கு மாறாவிட்டாலும் அந்த மனிதருக்காவது தெரிந்திருக்கும்.

"ஆமா. நீ சரியா கேக்கல" என்றேன்.

"ஆங்" என்றார். கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இருக்கும். இருக்கும் சாமி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வழக்குத் தள்ளுபடியானது.

தம்பிக்கு வேலை கிடைத்தால் நான் மொட்டை போட்டுக்கொள்வதாக என் மனைவி முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லாமல் வேண்டிக்கொண்டது அது. ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். "சாமி கடன வச்சிகினு எத்தினி நாளு இருப்பீங்க? எனக்கே பயமா கீதுங்க" என்று அவள் அழத் தொடங்கிய பிறகு, தீர்ப்பு வந்து ஒரு வருடம் கழித்து, மலைக்குப் போனோம். கூட்டமில்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன். அவர் விடுப்பில் இருக்கவேண்டும் என்று படியேறும்போதெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

சீட்டு வாங்கினேன். அதில் அவர் எண்.

மாற்றிக் கேட்டிருக்கலாம். மனைவி பக்கத்தில் நின்றாள், காரணம் கேட்பாள். போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் வெள்ளை வேட்டியில்தான் இருந்தேன்.

தண்ணீர் ஊற்றினார். நான் கண்ணை மூடினேன். பத்து விரல் முடிக்குள் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டி ஊறவைத்துவிட்டு, கத்தியைத் தீட்டுகிற சத்தம் கேட்டது. பிடரியில் இரும்பின் குளிர்ச்சி பட்டது. உடம்பெல்லாம் எனக்கு உதறியது.

"ஆடாதீங்க சாமி. பயந்தா கத்தி பட்டுடும்."

"தலைல ஏதாவது இருக்குதா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை.

கத்தி ஒரு கணம் நின்றது.

"நான் பாக்கலீங்க" என்றார்.

அதற்கப்புறம் முடி விழுகிற சத்தம்தான். என்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. எனக்கென்றே வைத்திருந்து சொன்ன சொல் அது என்று நினைத்தேன். கஷ்டமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. தெரிந்துகொண்டுவிட்டார், கோபப்படுகிறார், எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தேன். எழுந்து, மனைவி நீட்டிய சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

எனக்கு அடுத்து ஆந்திராக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வயதானவர். ஏற்கெனவே இவரிடம் முடி இறக்கியவர் போலிருக்கிறது. தண்ணீர் ஊற்றியதும், தலையில் புண் ஏதாவது இருக்கிறதா, சொல்லப்பா என்று தெலுங்கில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"சூடலேது சாமி" என்றார் இவர். பார்க்கவில்லை சாமி. என்னிடம் சொன்ன அதே குரலில், அதே பயத்தோடு.

பக்கத்தில் கத்தி பிடித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் அப்பிடித்தாங்க. தொட்டுப் பாக்கறதும் இல்ல, சொல்றதும் இல்ல. எந்தத் தலயக் கேட்டாலும் பாக்கலம்பாரு" என்றார்.

கிண்ணத்திலிருந்து சந்தனத்தை அள்ளித் தலை முழுவதும் கெட்டியாகப் பூசிக்கொண்டேன். பிறகு போய் வரிசையில் நின்றேன்.